பகிரப்பட்ட அதிகாரம், எவரிடமும் சேராத பொறுப்பு: இங்கிலாந்தின் மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சித் திட்டங்களின் ஆளுகை குறித்த ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தில் மருத்துவ உளவியலாளராக வர விரும்புவோர் மூன்றாண்டு முழுநேரத் தொழில்முறை முனைவர் பட்டப் பயிற்சியை முடிக்க வேண்டும். இப்பயிற்சியைப் பல்கலைக்கழகம், தேசிய சுகாதாரச் சேவையின் (என்.எச்.எஸ்.) டிரஸ்ட், நிதி வழங்கும் என்.எச்.எஸ். இங்கிலாந்து, சட்டவழிக் கட்டுப்பாட்டு மன்றம், தொழில்சார் கற்றோர் சங்கம் என ஐந்து அமைப்புகள் கூட்டாக ஆளுகின்றன. இவ்வமைப்பு முறை தரத்தைக் காக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளும் இக்கட்டுரை, அதிகாரம் பகிரப்பட்ட அளவிற்குப் பொறுப்பு வரையறுக்கப்படவில்லை என வாதிடுகிறது. சேர்க்கை, களப்பயிற்சி, சேவை பெறுவோர் பங்கேற்பு ஆகிய மூன்று இடங்களில் இக்குறை எவ்வாறு வெளிப்படுகிறது என்பது ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவ உளவியல், தொழில்முறை முனைவர் பட்டம், ஆளுகை, களப்பயிற்சி, மேற்பார்வை, சேவை பெறுவோர் பங்கேற்பு.

முன்னுரை

ஒரு கல்வித்திட்டத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதன் பாடத்திட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றனர். என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்ற கேள்விகள் ஆய்வுக்குரியனவாகின்றன. அவற்றை யார் தீர்மானிக்கின்றனர், தீர்மானம் பிழைபட்டால் யார் விடையளிக்க வேண்டும் என்ற கேள்விகளோ அலுவலகச் செய்திகளாக ஒதுக்கப்படுகின்றன. மனநலத் துறைக்கு ஆட்களை உருவாக்கும் பயிற்சியில் இவ்வொதுக்கம் பொருந்தாது. அங்குக் கற்பவர் முதலாண்டிலிருந்தே நோயுற்ற மனிதரின் எதிரில் அமர்கிறார். திட்டத்தின் அமைப்பில் உள்ள குறை அம்மனிதரையும் சென்று தாக்கும்.

இக்கட்டுரையில் 'நிருவாகம்', 'ஆளுகை' என்னும் இரு சொற்களும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. அன்றாடப் பணிகளை நடத்திச் செல்வது நிருவாகம். முடிவெடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது, அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதை வரையறுப்பது ஆளுகை. இங்கிலாந்தின் பயிற்சித் திட்டங்கள் நிருவாகத்தில் தேர்ந்தவை. ஆளுகையில் அவை விட்டுச்செல்லும் இடைவெளிகளே இங்கு ஆய்வுப்பொருளாகின்றன.

வரலாற்றுப் பின்புலம்

என்.எச்.எஸ். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதே காலப்பகுதியில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த உளமருத்துவ நிறுவனத்தில் ஹான்ஸ் ஐசெங்கின் வழிகாட்டலில் மருத்துவ உளவியல் பயிற்சி உருப்பெற்றது. உளவியலாளரின் பணி ஆய்வும் நோயறி மதிப்பீடும் மட்டுமே, உளச்சிகிச்சை அவருக்குரியதன்று என ஐசெங்க் 1949இல் வாதிட்டார். அதே 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, உளவியலாளர் அறிவியலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்ற மாதிரியை முன்வைத்தது. 1950களின் இறுதியில் நடத்தைச் சிகிச்சை வளர்ந்தபோது ஐசெங்கின் குழுவினரே சிகிச்சைப் பணிக்குள் நுழைந்தனர். பின்னர் பிரித்தானியத் திட்டங்களும் அறிவியலாளர்–சிகிச்சையாளர் என்ற இணைப்பைத் தம் அடையாளமாகக் கொண்டன.

1977இல் வெளியான டிரெத்தோவன் குழு அறிக்கை, உளவியலாளர்களுக்கு மருத்துவர்களின் மேலாண்மைக்கு வெளியே தொழில்சார் தன்னுரிமை வேண்டும் என்ற நிலைப்பாட்டிற்கு வலுச்சேர்த்தது. 1990களில் முதுநிலைப் பட்டமாக இருந்த பயிற்சி, மூன்றாண்டு முனைவர் பட்டமாக உயர்த்தப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி கவனத்திற்குரியது. பட்டத்தின் பெயர் உயர்ந்தது, பயிற்சியின் காலம் நீண்டது, தொழிலின் தகுதி வளர்ந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய அதிகார அமைப்பு பழையதன் மேல் அடுக்கப்பட்டதேயன்றி, பழையது நீக்கப்படவில்லை. இன்றைய ஆளுகைமுறை திட்டமிட்டு வரையப்பட்ட ஒன்றன்று. படிப்படியாகப் படிந்த அடுக்குகளின் தொகுப்பே அது.

ஐந்து அமைப்புகள்

முதலாவது பல்கலைக்கழகம். பட்டம் வழங்கும் உரிமை அதற்கே உண்டு. தேர்வு விதிகள், புறத்தேர்வாளர் நியமனம், ஆய்வேட்டு மதிப்பீடு, முறையீடு ஆகியன அதன் அதிகாரத்திற்குட்பட்டவை.

இரண்டாவது என்.எச்.எஸ். டிரஸ்ட். பயிற்சி உளவியலாளர் மாணவர் மட்டுமல்லர், ஊதியம் பெறும் ஊழியருமாவார். என்.எச்.எஸ். ஊதிய அமைப்பில் ஆறாம் நிலை அவருக்குரியது. விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநலன் ஆகியவற்றை டிரஸ்ட் கவனிக்கிறது.

மூன்றாவது நிதி வழங்கும் அமைப்பு. பயிற்சி இடங்களின் எண்ணிக்கையும் ஊதியத்திற்கான நிதியும் அதனிடமிருந்தே வருகின்றன. நீண்டகாலம் இப்பணியைச் செய்துவந்த ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து, 2023 ஏப்ரலில் என்.எச்.எஸ். இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டது. அந்த அமைப்பையே கலைத்து அரசுத் துறைக்குள் கொண்டுவரும் முடிவு 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

நான்காவது உடல்நல, பராமரிப்புத் தொழில்கள் மன்றம் (எச்.சி.பி.சி.). 2009 ஜூலை முதல் உளவியலாளர்கள் இச்சட்டவழி மன்றத்தின் பதிவேட்டின் கீழ் வந்தனர். 'மருத்துவ உளவியலாளர்' என்ற பட்டப்பெயரைப் பதிவுபெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். 'உளவியலாளர்' என்ற பொதுப்பெயருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. மன்றத்தின் கல்வி, பயிற்சித் தரநிலைகள் ஆறு தலைப்புகளில் அமைந்துள்ளன. அவற்றுள் மூன்றாவது தலைப்பே திட்டத்தின் ஆளுகை, மேலாண்மை, தலைமை என்பதாகும்.

ஐந்தாவது பிரித்தானிய உளவியல் சங்கம் (பி.பி.எஸ்.). பதிவேடு மன்றத்திடம் சென்றபின்னும் திட்டங்களுக்குத் தரச்சான்று வழங்கும் பணியைச் சங்கம் தொடர்கிறது. சட்டப்படி மன்றத்தின் ஒப்புதலே கட்டாயம். எனினும் பட்டய உளவியலாளர் என்ற தகுதிக்குச் சங்கத்தின் சான்றே வழி. எனவே திட்டங்கள் இரண்டையும் பேணுகின்றன.

இவ்வைந்தும் ஒரே திட்டத்தை ஐந்து கோணங்களில் நோக்குகின்றன. பல்கலைக்கழகம் மாணவரையும், டிரஸ்ட் ஊழியரையும், நிதியமைப்பு எண்ணிக்கையையும், மன்றம் பொதுமக்கள் பாதுகாப்பையும், சங்கம் தொழிலின் தரத்தையும் காண்கின்றன. முழு மனிதரைக் காணும் கடமை எந்த அமைப்பின் விதியிலும் தனித்து எழுதப்படவில்லை.

திட்டத்தின் உள்ளமைப்பு

திட்டத்திற்குத் திட்டம் பெயர்கள் மாறினும் உள்ளமைப்பு பெரிதும் ஒத்தே காணப்படுகிறது. திட்ட இயக்குநர் ஒருவரும், அவருக்குக் கீழ்க் களப்பயிற்சி, கல்வி, ஆய்வு ஆகிய மூன்று பிரிவுகளின் பொறுப்பாளர்களும் இருப்பர். திட்டக் குழு உயரிய முடிவெடுக்கும் அவையாகும். அதன்கீழ்ச் சேர்க்கை, களப்பயிற்சி, பாடத்திட்டம், ஆய்வு ஆகியவற்றிற்கு உட்குழுக்கள் இயங்கும். மதிப்பெண்களை உறுதிசெய்யும் தேர்வாளர் குழு தனித்தது. பயிற்சி உளவியலாளரின் பிரதிநிதிகளும், வட்டாரச் சேவைகளின் உளவியல் தலைவர்களும், சேவை பெறுவோரும் பல குழுக்களில் இடம்பெறுவர்.

பயிற்சிக் காலத்தின் ஏறத்தாழப் பாதி மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சியில் கழிகிறது. வயதுவந்தோர், குழந்தைகள், முதியோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர் என வாழ்நாளின் பல நிலைகளிலும் உள்ளவரோடு பணியாற்றிய அனுபவம் தேவை. ஒவ்வொரு களப்பயிற்சியின் நடுவிலும் திட்டத்தின் பயிற்றாசிரியர் மேற்பார்வையாளரையும் பயிற்சி உளவியலாளரையும் சந்தித்து முன்னேற்றத்தை மதிப்பிடுவார். இறுதியில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

தாளில் இவ்வமைப்பு முழுமையானது. குறிப்பாகக் களப்பயிற்சி நடுவிலான சந்திப்பு, கல்விக்கூடத்தையும் சேவையிடத்தையும் இணைக்கும் நல்ல ஏற்பாடாகும். ஆயினும் குழுக்களின் எண்ணிக்கை அதிகாரத்தின் இருப்பிடத்தைக் காட்டுவதில்லை. திட்டக் குழு தன் விருப்பப்படி மாற்றக்கூடியவை எவை, மாற்ற இயலாதவை எவை எனப் பிரித்துப் பார்க்கும்போதே உண்மை நிலை புலப்படும்.

சேர்க்கை: முடிவெடுப்பவர் யார்?

திட்டங்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் லீட்ஸ் நகரிலுள்ள மைய அலுவலகத்தின் வழியாகப் பெறப்படுகின்றன. அண்மைக்காலத்தில் இடங்கள் பெருக்கப்பட்ட பின்னரும் விண்ணப்பித்தோருள் மிகப் பெரும்பாலோர்க்கு இடம் கிடைப்பதில்லை. பலர் துணை உளவியலாளராகவோ உளநலப் பணியாளராகவோ சில ஆண்டுகள் உழைத்து, மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்கின்றனர். ஊதியமற்றோ குறைந்த ஊதியத்திலோ அனுபவம் சேர்க்க இயன்றவருக்கே இவ்வழி எளிதாகிறது என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு.

தேர்ந்தெடுக்கும் உரிமை முறைப்படி பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவிற்குரியது. ஆனால் எத்தனை பேரை என்பதை நிதியமைப்பு தீர்மானிக்கிறது. எவரை என்பதிலும் அதன் கை நீள்கிறது. என்.எச்.எஸ். நிதியில் ஓர் உளவியல் தொழிற்பயிற்சியை முடித்தவர், அப்பயிற்சி முடியவேண்டிய நாளிலிருந்து இரண்டாண்டுகள் கழியும்வரை மற்றொரு பயிற்சிக்கு நிதி பெற இயலாது என்ற விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உளச்சிகிச்சைச் சேவைகளில் பயின்ற பணியாளர் உடனே விலகிச் செல்வதைத் தடுப்பது இதன் நோக்கம். அந்நோக்கம் நியாயமானதே. எனினும் அதன் விளைவு சேர்க்கை விதியின் விளைவேயாகும். குறிப்பிட்ட ஒரு பிரிவினர் குறிப்பிட்ட காலத்திற்கு விண்ணப்பப் பட்டியலிலிருந்து நீங்குகின்றனர். இம்முடிவு எந்தத் திட்டக் குழுவின் நிகழ்ச்சிநிரலிலும் தோன்றி வாக்கெடுப்பிற்கு வந்ததன்று. பாதிக்கப்பட்டவர் பல்கலைக்கழகத்திடம் முறையிட்டால் அது நிதி விதி என்பர். நிதியமைப்பிடம் முறையிட்டால் சேர்க்கை பல்கலைக்கழகத்தின் உரிமை என்பர். இரு விடைகளும் உண்மை. முறையீட்டிற்குரிய இடம் மட்டும் இல்லை.

இனச் சமத்துவம் குறித்த விவாதத்திலும் இதே நிலை காணப்படுகிறது. 2019 நவம்பரில் லிவர்பூலில் மருத்துவ உளவியல் பயிற்றுநர்களின் ஆண்டு மாநாடு நடைபெற்றது. அதில் அடிமை ஏலத்தைச் சித்திரிக்கும் காட்சி ஒன்று நிகழ்த்தப்பட்டுக் கறுப்பினத்தவர் உள்ளிட்ட பங்கேற்பாளர்களுக்குக் கடும் வேதனையை விளைவித்தது. பின்னர் மன்னிப்புக் கோரப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சமவாய்ப்பை மேம்படுத்தத் திட்டங்களுக்குத் தனிநிதி ஒதுக்கப்பட்டது. வழிகாட்டல் திட்டங்கள் தொடங்கப்பட்டன. சேர்க்கை முறைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் திட்டங்களின் தலைவர்கள் கூடி நடைமுறைகளை உருவாக்கும் அப்பயிற்றுநர் குழு, சட்டவழி ஆளுகையின் எந்தப் படிநிலையிலும் இடம்பெறாதது. செல்வாக்கு ஓரிடத்திலும் கணக்குக் கூறும் கடமை வேறிடத்திலும் இருப்பதற்கு இது தக்க சான்றாகும். நிதியோடு வந்த சீர்திருத்தம் நிதி நின்றபின் எவருடைய கடமையாக நீடிக்கும் என்ற கேள்விக்கும் விடை தெளிவாக இல்லை.

களப்பயிற்சி: கற்பித்தலும் தீர்ப்பும்

களப்பயிற்சியில் மேற்பார்வையாளர் இரு பணிகளைச் செய்கிறார். பயிற்சி உளவியலாளரைத் தம் ஐயங்களையும் தடுமாற்றங்களையும் மனந்திறந்து கூறச் செய்து வளர்ப்பது ஒன்று. அவர் தேறினாரா இல்லையா எனப் பரிந்துரைப்பது மற்றொன்று. முதற்பணிக்குத் தேவையான வெளிப்படைத்தன்மையை இரண்டாம் பணி இயல்பாகவே குறைக்கிறது. எல்லாத் தொழிற்பயிற்சிகளிலும் உள்ள சிக்கலே இது எனினும், மருத்துவ உளவியலில் இதன் கூர்மை மிகுதி. தன் உள்ளத்தில் எழும் எதிர்வினைகளையே கருவியாகக் கொண்டு பணியாற்றும் தொழில் இது. அவ்வெதிர்வினைகளை மறைக்கக் கற்பவர் தொழிலின் மையத்தையே இழக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு டிரஸ்டின் ஊழியரான பயிற்சி உளவியலாளர், மற்றொரு டிரஸ்டின் உள்நோயாளர் பிரிவில் களப்பயிற்சி பெறுகிறார். அங்கு நோயாளி ஒருவர் முறையற்று அடக்கி வைக்கப்படுவதைக் காண்கிறார். அவர் யாரிடம் கூற வேண்டும்? மேற்பார்வையாளர் அப்பிரிவின் ஊழியர். களப்பயிற்சி மதிப்பீடும் அவர் கையில் உள்ளது. பயிற்றாசிரியர் பல்கலைக்கழகத்தவர். அவருக்கு அச்சேவையின்மீது அதிகாரமில்லை. பணியமர்த்திய டிரஸ்டின் முறையீட்டு விதிகள் மற்றொரு டிரஸ்டில் செல்லா. களப்பயிற்சி இடங்கள் அரிதாக இருக்கும் வட்டாரத்தில், ஓரிடத்தை இழக்க விரும்பாத தயக்கம் திட்டத்திற்கும் இருக்கக்கூடும்.

சேவை பெறுவோரின் பாதுகாப்புக் குறித்துக் கவலை எழுப்பக் கற்போருக்கு உதவும் வழிமுறை இருக்க வேண்டும் என மன்றத்தின் தரநிலை வலியுறுத்துகிறது. வழிமுறை ஏட்டில் இருக்கும். அதைப் பயன்படுத்தியவரின் மதிப்பீடு யார் கைக்கு மாறும் என்பது அத்தரநிலையின் வாசகத்தில் இல்லை.

மறுபுறத்தில், பயிற்சி உளவியலாளரின் நடத்தையே கேள்விக்குள்ளாகும்போது மற்றோர் இடைவெளி தோன்றுகிறது. எச்.சி.பி.சி. பயிற்சியிலிருப்போரைப் பதிவு செய்வதில்லை. தொழிலுக்குத் தகுதியானவரா என்ற விசாரணை பல்கலைக்கழகத்தின் குழுவிற்குரியதாகிறது. அதே நிகழ்விற்கு டிரஸ்டும் ஊழியர் ஒழுங்கு விதியின்படி தனி விசாரணை நடத்தலாம். சான்றின் அளவுகோல், துணைக்கு வருவோரின் உரிமை, கால எல்லை ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றில் தவறியவர் நடைமுறையில் இரண்டையும் இழக்கிறார். பட்டத்திலிருந்து நீக்கப்பட்டால் பணியும் போகும். பணியிலிருந்து நீக்கப்பட்டால் களப்பயிற்சியின்றிப் பட்டமும் எட்டாது. மாணவருக்குரிய பாதுகாப்பு, ஊழியருக்குரிய பாதுகாப்பு ஆகிய இரண்டும் அவருக்கு உண்டு எனக் கூறப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்போது எதுவும் முழுமையாகக் கிட்டுவதில்லை.

சேவை பெறுவோர்: குரலும் வாக்கும்

திட்டங்களில் சேவை பெறுவோரும் பராமரிப்போரும் ஈடுபடுத்தப்பட வேண்டும் என்பதை மன்றம் 2014 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்னரே சில திட்டங்கள் இதில் முன்னோடிகளாக இருந்தன. கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாலமன்ஸ் திட்டத்தின் 'சேஜ்' குழுவும், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'லூபின்' வலையமைப்பும் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். கற்பித்தல், சேர்க்கை நேர்காணல், ஆய்வு ஆலோசனை ஆகியவற்றில் வாழ்ந்த அனுபவமுடையோர் பங்கேற்கின்றனர். நோயாளி என்பவர் ஆய்வுப்பொருள் மட்டுமே என்ற பழைய பார்வையிலிருந்து இது மிகத் தொலைவு வந்த பயணமாகும்.

ஆயினும் 'ஈடுபடுத்துதல்' என்ற சொல் அளவுகோல் ஆகாது. குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வகுத்தார். தகவல் கூறுதலும் கருத்துக் கேட்டலும் அவ்வேணியின் நடுப்படிகளே. முடிவைப் பகிர்தல் அவற்றிற்கு மேலுள்ளது. ஒரு திட்டம் நடுப்படியில் நின்றாலும் தரநிலையை நிறைவு செய்துவிட முடியும். சேர்க்கை நேர்காணலில் சேவை பெறுவோர் வழங்கும் மதிப்பெண் இறுதி வரிசையை மாற்ற வல்லதா? ஒரு களப்பயிற்சி இடத்தை நிறுத்தக் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டா? நிதிநிலையை விவாதிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை உண்டா? இவ்வினாக்களுக்கு ஆம் எனச் சொல்லும்போதே குரல் வாக்காக மாறுகிறது.

தணிக்கை முறைகளைப் பற்றி மைக்கேல் பவர் 1997இல் எழுதிய நூலின் மையக்கருத்து இங்குப் பொருந்துகிறது. சரிபார்க்கத்தக்க வடிவில் தம்மை அமைத்துக்கொள்வதே நிறுவனங்களின் நோக்கமாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. கூட்டக் குறிப்புகளும் கொள்கை ஆவணங்களும் சரிபார்க்க எளியவை. அஞ்சாமல் பேச இயன்றதா என்பது சரிபார்க்க அரியது. அரியது கைவிடப்பட்டு எளியது பெருகுகிறது.

எதிர்வாதம்

அதிகாரம் ஐந்தாகப் பிரிந்திருப்பதே பாதுகாப்பு என்று கூறுவோரும் உளர். அவர்கள் வாதத்தில் வலிமை உண்டு. டிரஸ்ட் மட்டுமே ஆண்டால் பயிற்சி, குறைந்த செலவில் ஆட்களை நிரப்பும் ஏற்பாடாகச் சுருங்கும். பல்கலைக்கழகம் மட்டுமே ஆண்டால் களம் மறந்து ஆய்வேடு மிஞ்சும். தொழிலினரின் சங்கம் மட்டுமே ஆண்டால் வாயிற்காவல் இறுகும். ஊதியத்துடன் கூடிய பயிற்சி என்ற ஒன்றே, வசதியற்றோரும் முனைவர் பட்டம் பெற வழிசெய்யும் அரிய ஏற்பாடாகும். அதை எளிதில் குறைகூற இயலாது.

எனினும் ஒன்றையொன்று தடுக்கும் அதிகாரங்களுக்கும் ஒன்றையொன்று சுட்டும் அதிகாரங்களுக்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் ஓர் அமைப்பின் தவறான முடிவை மற்றொன்று நிறுத்த முடியும். இரண்டாவதில் ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் சரியாக நடந்துகொண்டே, ஒட்டுமொத்தத் தவறு நிகழ விட்டுவிட முடியும். மேலே கண்ட மூன்று இடங்களிலும் இரண்டாவது நிலையே மேலோங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. சேர்க்கையைப் பாதிக்கும் எந்த நிதி விதிக்கும் அதனை எதிர்த்து முறையிடும் ஓரிடம் பெயர் குறித்து அறிவிக்கப்பட வேண்டும். களப்பயிற்சியில் பாதுகாப்புக் கவலையை எழுப்பியவரின் மதிப்பீடு, அந்நாளிலிருந்தே வேறொருவருக்கு மாற்றப்பட வேண்டும். மாணவர் விசாரணையும் ஊழியர் விசாரணையும் ஒரே நிகழ்வைப் பற்றியனவாயின், எது முன், எது பின், எதன் முடிவு எதனைக் கட்டுப்படுத்தும் என்பவை பயிற்சியின் முதல் நாளிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும். சேவை பெறுவோரின் பங்கேற்பு, அவர்களால் மாற்றப்பட்ட முடிவுகளைக் கொண்டு அளக்கப்பட வேண்டும். இவற்றிற்குப் புதிய குழு ஒன்றும் தேவையில்லை. இருக்கும் அமைப்புகளுக்கிடையே விடுபட்ட இடங்களில் பெயர் எழுதினால் போதும்.

இந்தியச் சூழலுக்கும் இவ்வினா அயலானதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தின. மருத்துவ உளவியலாளராவதற்கு அடிப்படைத் தகுதியாக விளங்கிய எம்.ஃபில். தற்காலிக விலக்குடன் நீடிக்க விடப்பட்டது. அவ்விடத்தில் எத்தகைய பட்டம் அமைந்தாலும், பல்கலைக்கழகம், மருத்துவமனை, இந்திய மறுவாழ்வு மன்றம் போன்ற ஒழுங்குமுறை அமைப்பு ஆகியவற்றுக்கிடையே பொறுப்பைப் பங்கிட வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் அனுபவம் கற்பிப்பது பாடத்திட்டத்தை மட்டுமன்று. அதிகாரத்தைப் பங்கிடும்போதே பொறுப்பையும் பெயரிட்டுப் பங்கிடாவிடில், அமைப்புகள் அனைத்தும் தத்தம் கடமையைச் செய்தும் கற்பவரும் நோயாளியும் காப்பாரின்றி நிற்க நேரும்.